முதலில் யாரிடம் கேட்பது?

"ஆர்டர் கிளாஸை ஆர்டர் கிளாஸாக மாற்ற முடியாது." ஜாவாவில் வெப் அப்ளிகேஷன் எழுதுகிறவர்களில் பலர் இப்படியொரு பிழைச் செய்தியை எப்போதாவது பார்த்துத் திகைத்திருப்பார்கள். பேக்கேஜ் பெயர் அதே, கிளாஸ் பெயர் அதே, சில சமயம் ஜார் கோப்புகூட அதேதான். ஆனாலும் கிளாஸ் காஸ்ட் எக்செப்ஷன் வந்து நிற்கும். யாரைக் கேட்டாலும் "எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி பில்ட் பண்ணிப் பாருங்கள்" என்பார்கள். சில நேரம் அதில் சரியாகியும் விடும். எதனால் வந்தது, எதனால் போனது என்பது மட்டும் தெரியாமலே போய்விடும்.

எனக்கு இந்த இடத்தில் ஒரு ஆதங்கம் உண்டு. கிளாஸ் லோடர் என்றாலே "அதெல்லாம் சர்வர் பார்த்துக்கொள்ளும்" என்று ஒதுக்கிவைக்கிற பழக்கம் நம்மிடம் வேரூன்றிவிட்டது. வெப் அப்ளிகேஷன் எழுதுகிறவர் உண்மையில் ஒரு மாட்யூலை எழுதிக்கொண்டிருக்கிறார். அதற்குள் எது வரலாம், அதிலிருந்து எது வெளியே போகலாம் என்று அவர் முடிவு செய்யாவிட்டால், அந்த முடிவைச் சர்வர் எடுத்துவிடும். டாம்கேட் ஒரு விதமாக எடுக்கும், வைல்ட்ஃபிளை அதற்கு நேர்மாறாக எடுக்கும். அதனால்தான் நீளமாகவே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

அடிப்படையிலிருந்து தொடங்குவோம். ஜேவிஎம் ஒரு கிளாஸைப் பெயரை மட்டும் வைத்து அடையாளம் காண்பதில்லை. பெயரோடு, அந்த கிளாஸை உருவாக்கிய லோடரையும் சேர்த்தே பார்க்கிறது. பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டில் இரண்டு முருகன் இருந்தால் கே. முருகன், எஸ். முருகன் என்று எழுதுவோமே, அந்த இனிஷியல்தான் லோடர். பெயர் ஒன்றாக இருந்தாலும் ஆள் வேறு. பழைய ஜாவாவின் பிழைச் செய்தி இனிஷியலை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் அச்சிட்டதால்தான் அவ்வளவு குழப்பம். ஜாவா 11-லிருந்து அந்தச் செய்தியின் முடிவில் இந்த கிளாஸ் எந்த மாட்யூலில் இருக்கிறது, எந்த லோடரில் இருக்கிறது என்று அடைப்புக்குறிக்குள் ஒரு நீண்ட வரி வருகிறது. பலர் அதைப் படிக்காமல் தாண்டிப் போகிறார்கள். விடை அந்த வரியில்தான் இருக்கிறது.

இன்றைக்கு இந்தப் பிழையை அதிகம் சந்திக்கும் இடம் ஸ்பிரிங் பூட்டின் டெவ்டூல்ஸ். மாறாத ஜார்களை அது அடிப்படை லோடரில் வைக்கிறது. நீங்கள் எழுதிக்கொண்டிருக்கும் கோடை மட்டும் ரீஸ்டார்ட் லோடர் என்ற இன்னொன்றில் ஏற்றுகிறது. கோப்பைத் திருத்திச் சேமித்ததும் பழைய ரீஸ்டார்ட் லோடரை விட்டுவிட்டுப் புதிதாக ஒன்றை உருவாக்கும். அதனால்தான் அவ்வளவு விரைவாக மறுபடி எழுந்துவிடுகிறது. இப்போது அடிப்படை லோடரில் இருக்கும் ஒரு கேஷ் லைப்ரரி, சேமித்துவைத்த ஆர்டர் ஆப்ஜெக்டை டீசீரியலைஸ் செய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது தன் லோடரிடம் ஆர்டர் கிளாஸைக் கேட்கும். உங்கள் கோட் கையில் வைத்திருப்பதோ ரீஸ்டார்ட் லோடர் உருவாக்கிய ஆர்டர். இரண்டும் வேறு வேறு கிளாஸ். ஜேவிஎம் சொல்வது சரிதான்.

இந்த அடையாள விதிக்கு ஒரு வரலாறு உண்டு. ஜாவாவின் ஆரம்பப் பதிப்புகளில் லோடர்களைக் கொண்டு டைப் பாதுகாப்பையே உடைத்துவிட முடியும் என்று 1997-ல் விஜய் சரஸ்வத் எழுதிக் காட்டினார். ஒரு லோடர் கொடுத்த ஆப்ஜெக்டை, அதே பெயருள்ள வேறு கிளாஸ் என்று நம்பி இன்னொரு லோடரின் கோட் கையாளும்படி செய்துவிடலாம். மொழியே டைப் பாதுகாப்பானது என்று சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில் இது சின்ன விஷயமல்ல. மறு ஆண்டு ஊப்ஸ்லா மாநாட்டில் சன் நிறுவனத்தின் ஷெங் லியாங், கிலாட் பிராக்கா இருவரும் இதற்கான தீர்வைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். இரண்டு லோடர்களின் கிளாஸ்கள் ஒரு மெத்தட் வழியாகப் பேசிக்கொள்ளும்போது, அந்த மெத்தடின் கையொப்பத்தில் வரும் ஒவ்வொரு டைப் பெயருக்கும் "நீங்கள் இருவரும் இதற்கு ஒரே கிளாஸைத்தான் சொல்ல வேண்டும்" என்று ஜேவிஎம் குறித்துவைத்துக்கொள்கிறது. யாராவது மாற்றிச் சொன்னால் லிங்கேஜ் எரர். லோடர் கட்டுப்பாடு மீறப்பட்டது என்று இன்றும் சர்வர் லாகில் வரும் வரி, அந்தக் கட்டுரையின் நேரடி வாரிசு. அதைப் பார்த்தால் எரிச்சல்பட வேண்டியதில்லை. அது இல்லாவிட்டால் நினைவகமே குழம்பிப்போயிருக்கும்.

அதே 1998-ன் டிசம்பரில் ஜேடிகே 1.2 வந்தது. ஒரு லோடர் எதைத் தேடினாலும் முதலில் தன் பெற்றோர் லோடரிடம் கேட்க வேண்டும், அது கைவிரித்தால்தான் தான் தேட வேண்டும் என்ற வழக்கம் அதில்தான் நிலைபெற்றது. ஜாவாவின் சொந்த கிளாஸ்களை யாரும் போலியாகக் கொண்டுவராமல் இருக்க இது நல்ல ஏற்பாடு.

வெப் அப்ளிகேஷனுக்கு மட்டும் இது பொருந்தவில்லை. ஒரே சர்வரில் பத்து அப்ளிகேஷன் ஓடும், ஒவ்வொன்றும் ஒரு லைப்ரரியின் வேறு வேறு பதிப்பைக் கேட்கும். பெற்றோரிடம் முதலில் கேட்டால் பெற்றோரிடம் இருக்கும் பதிப்புதான் எல்லோருக்கும் கிடைக்கும். ஆகவே 2001-ல் வந்த சர்வ்லெட் 2.3 வரையறை, வார் கோப்புக்குள் இருக்கும் கிளாஸ்களுக்கு சர்வரின் பொது லைப்ரரிகளைவிட முன்னுரிமை கொடுக்கும்படி பரிந்துரைத்தது. ஜாவாவின் சொந்த கிளாஸ்களையும் சர்வ்லெட் ஏபிஐயையும் மட்டும் வார் கோப்பு மாற்றக் கூடாது என்று தடை போட்டது. அது பரிந்துரைதான், கட்டாயமில்லை. பின்னால் வந்த பாதிச் சிக்கல்களுக்கு இந்த ஒரு தளர்வே இடம் கொடுத்தது என்பது என் எண்ணம்.

டாம்கேட் இந்தப் பரிந்துரையை ஏற்றுக்கொண்டது. அதன் வெப் அப்ளிகேஷன் லோடர் முதலில் ஜேவிஎம்மின் சொந்த கிளாஸ்களைப் பார்க்கும். பிறகு வெப்-இன்ஃபுக்குள் இருக்கும் கிளாஸஸ் ஃபோல்டர், அதன்பின் லிப் ஃபோல்டரில் இருக்கும் ஜார்கள். இவற்றில் கிடைக்காவிட்டால்தான் சிஸ்டம் லோடர், கடைசியாக டாம்கேட்டின் பொது லிப். சர்வ்லெட் ஏபிஐ ஜாரை யாராவது தெரியாமல் வார் கோப்புக்குள் வைத்துவிட்டாலும், அந்த கிளாஸ்களை மட்டும் அதிலிருந்து எடுக்காமல் பெற்றோரிடமே முதலில் கேட்கும். லோடர் அமைப்பில் டெலிகேட் என்ற பண்பை இயக்கிவிட்டால் வரிசை பழையபடி பெற்றோர் முதல் என்றாகிவிடும். மொத்தத்தில் நேரான, புரிகிற ஏற்பாடு. டாம்கேட்டிலேயே வளர்ந்தவர்கள் உலகம் முழுக்க இப்படித்தான் என்று நினைத்துக்கொள்வதும் இயல்பு.

வைல்ட்ஃபிளையின் முன்னோடியான ஜேபாஸில், 4-ஆம் பதிப்பு வேறு உலகமாக இருந்தது. டிப்ளாய் செய்த எல்லா அப்ளிகேஷன்களின் கிளாஸ்களும் ஒரே பொதுக் களஞ்சியத்தில் சேரும். ஒரு கிளாஸ் பெயரை யார் முதலில் கொண்டுவந்தாரோ அவருடையதுதான் எல்லோருக்கும். அப்ளிகேஷன்களுக்கிடையே ஆப்ஜெக்டுகளை நேரடியாகக் கொடுத்து வாங்க இது மிகவும் வசதி. ஆனால் இரண்டு அப்ளிகேஷன்கள் ஒரே லைப்ரரியின் இரு பதிப்புகளைக் கொண்டுவந்தால், எது வெல்லும் என்பது டிப்ளாய் ஆகும் வரிசையைப் பொறுத்தது. தனிக் களஞ்சியம் வேண்டும் என்று அமைப்புக் கோப்பில் எழுதித்தான் பிரித்துவைக்க வேண்டும்.

2011 ஜூலையில் வெளியான ஜேபாஸ் ஏஎஸ் 7 இதையெல்லாம் கலைத்துப்போட்டுப் புதிதாகக் கட்டியது. அதன் அடித்தளம் டேவிட் லாயிட் முன்னின்று எழுதிய ஜேபாஸ் மாட்யூல்ஸ். ஜாவா உலகில் எனக்கு மிகவும் பிடித்த மென்பொருள்களில் இதுவும் ஒன்று. சர்வரின் ஒவ்வொரு பகுதியும் ஒரு மாட்யூல், ஒவ்வொரு மாட்யூலுக்கும் தனி லோடர். நீங்கள் டிப்ளாய் செய்யும் வார் கோப்பும் அப்படியே ஒரு மாட்யூல் ஆகிவிடும். பெற்றோர், பிள்ளை என்ற மரமே கிடையாது. ஒரு மாட்யூல் தனக்கு எவையெவை வேண்டும் என்று அறிவிக்கும், அவற்றை மட்டும் பார்க்கும். அந்த மாட்யூல்கள் தங்களுக்குள் சார்ந்திருக்கும் மற்றவை, வெளிப்படையாக எக்ஸ்போர்ட் செய்யப்படாதவரை, உங்கள் கண்ணுக்குத் தெரியாது. ஒரு கிளாஸ் கேட்கப்பட்டால் அதன் பேக்கேஜ் பாதையை ஒரு மேப்பில் பார்த்து, அந்தப் பாதையை வைத்திருப்பவரிடம் மட்டும் கேட்கிறது. படிப்படியாக மேலே ஏறி ஒவ்வொரு லோடரையும் விசாரிக்கும் வேலை இல்லை. ஒரு கிளாஸ் கிடைக்கவில்லை என்றால் பிழைச் செய்தியிலேயே எந்த மாட்யூலிலிருந்து தேடினோம் என்பதும் வந்துவிடும்.

2014-ல் வைல்ட்ஃபிளை என்று பெயர் மாறியபின்னும் இந்த அமைப்பு அப்படியே தொடர்கிறது. டாம்கேட்டிலிருந்து வருகிறவர்கள் தடுமாறும் இடம் இதுதான்: வரிசை. சர்வர் தானாகச் சேர்க்கும் மாட்யூல்கள் முதலில், நீங்கள் அறிவித்த மாட்யூல்கள் அடுத்தது, வார் கோப்புக்குள் இருக்கும் உங்கள் சொந்த ஜார்கள் அதற்கும் பிறகு. டாம்கேட்டில் தன்னுடையது முதலில், இங்கே அறிவித்தது முதலில். ஒரே வார் கோப்பை இரண்டிலும் போட்டால் இரண்டு வேறு பதிப்புகள் ஓடக்கூடும்.

உதாரணத்துக்கு ஹைபர்னேட். வார் கோப்புக்குள் பெர்சிஸ்டென்ஸ் எக்ஸ்எம்எல் இருப்பதைப் பார்த்ததும் வைல்ட்ஃபிளை தன்னுடைய ஹைபர்னேட் மாட்யூலை உங்கள் அப்ளிகேஷனுடன் தானே இணைத்துவிடும். நீங்கள் லிப் ஃபோல்டரில் அருமையாக வைத்திருந்த பதிப்பு வரிசையில் பின்னால் போய்விடும். சொந்தப் பதிப்புதான் வேண்டும் என்றால் அதே கோப்பில் ப்ரொவைடர் மாட்யூல் பண்புக்கு அப்ளிகேஷன் என்று மதிப்புக் கொடுக்க வேண்டும். லாகிங் போன்றவற்றுக்கு டிப்ளாய்மென்ட் ஸ்ட்ரக்சர் கோப்பில் எக்ஸ்க்ளூஷன் எழுத வேண்டும். முதல் தடவை செய்யும்போது "எதற்கு இவ்வளவு?" என்று தோன்றும். எனக்கு இது பிடித்திருக்கிறது. எந்தப் பதிப்பு ஓடுகிறது என்பது ஒரு கோப்பில் எழுத்தாக இருக்கிறது. அடுத்த வருடம் அந்த வேலைக்கு வருகிறவர் அதைப் படித்துத் தெரிந்துகொள்ளலாம்.

சரி, எதைப் பொதுவில் விடுவது, எதை உள்ளே வைத்துக்கொள்வது? இதற்கு ஒரு தெளிவான உதாரணம் சொல்கிறேன், இதைப் புரிந்துகொண்டால் மற்றவை தானாக விளங்கும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் லட்சக்கணக்கான வரிகளை ஏற்ற காப்பி என்ற கட்டளை உண்டு. சாதாரண ஜேடிபிசி இன்டர்ஃபேஸில் அதற்கு இடமில்லை. ஆகவே டேட்டா சோர்ஸ் கொடுக்கும் கனெக்‌ஷனை அன்ராப் செய்து, பிஜி-கனெக்‌ஷன் என்ற டிரைவரின் சொந்த இன்டர்ஃபேஸைப் பெற்று, அதிலிருந்து காப்பி ஏபிஐயை எடுக்க வேண்டும். கனெக்‌ஷன் பூலும் டிரைவரும் வார் கோப்புக்குள்ளேயே இருந்தால் இது ஒழுங்காக வேலை செய்யும். அதே அப்ளிகேஷனை, டேட்டா சோர்ஸை சர்வர் நிர்வகிக்கும் இடத்துக்குக் கொண்டுபோனால் அன்ராப் தோற்றுப்போகும். சர்வர் கொடுத்த கனெக்‌ஷனை உருவாக்கியது சர்வரில் நிறுவிய டிரைவர். நீங்கள் கேட்கும் பிஜி-கனெக்‌ஷனோ வார் கோப்புக்குள் இருக்கும் டிரைவர் ஜாரிலிருந்து வந்தது. ஜார் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தாலும் பயனில்லை.

வைல்ட்ஃபிளையில் மட்டும் நடப்பது என்று நினைக்காதீர்கள். டாம்கேட்டிலும் டேட்டா சோர்ஸை சர்வர் அமைப்பில் எழுதி, டிரைவரைப் பொது லிப்பில் போட்டு, வார் கோப்புக்குள்ளும் ஒரு பிரதியை விட்டுவைத்தால் இதேதான் நடக்கும். உங்கள் பிரதி முதலில் கண்ணில்படுவதால் அதுவே எடுத்துக்கொள்ளப்படும். தீர்வும் ஒன்றே. பில்ட் கோப்பில் அந்த டிரைவரை ப்ரொவைடட் என்று குறித்து வார் கோப்பிலிருந்து நீக்குங்கள். வைல்ட்ஃபிளை என்றால் கூடுதலாக அந்த டிரைவர் மாட்யூலை டிபென்டன்சியாக அறிவியுங்கள்.

இதிலிருந்து நான் பின்பற்றும் விதி இது. சர்வரும் அப்ளிகேஷனும் எந்த ஆப்ஜெக்டைக் கைமாற்றிக்கொள்கின்றனவோ, அதன் டைப்பை மட்டும் பொதுவில் விட வேண்டும். சர்வ்லெட் ரிக்வெஸ்ட், ரெஸ்பான்ஸ், டேட்டா சோர்ஸ், தேவைப்பட்டால் அந்த டிரைவர். ஜேசன் லைப்ரரி, எக்செல் எழுதும் லைப்ரரி, நாமே எழுதிய யுடிலிட்டி ஜார், இவையெல்லாம் ஒவ்வொரு வார் கோப்புக்குள்ளும் தனித்தனியாக இருக்கட்டும். "பத்து அப்ளிகேஷனிலும் அதே ஜார் இருக்கிறதே, பொதுவில் ஒன்று போட்டால் இடம் மிச்சம்" என்று கணக்குப் பார்ப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். டிஸ்க் இடம் மலிவு. ஒரு அப்ளிகேஷனுக்காகப் பொது ஜாரைப் புதுப்பித்து மற்ற ஒன்பதையும் சோதிப்பதற்கு ஆகும் நேரம் மலிவல்ல.

பொதுவில் போடுவதில் இன்னொரு கேடும் உண்டு. பொது ஜாரில் இருக்கும் ஒரு ஸ்டாட்டிக் மேப் உங்கள் அப்ளிகேஷனின் ஒரே ஒரு கிளாஸைப் பிடித்துவைத்திருந்தாலும் போதும். கிளாஸ் தன் லோடரைப் பிடித்திருக்கும், லோடர் தான் ஏற்றிய எல்லா கிளாஸையும் பிடித்திருக்கும். அப்ளிகேஷனை அன்டிப்ளாய் செய்தபின்னும் மொத்தமும் நினைவகத்தில் தங்கிவிடும். ஜாவா 8-க்கு முன் இது பெர்ம்ஜென் நிரம்பியது என்ற செய்தியாக வந்தது. 2014-ல் ஜாவா 8 பெர்ம்ஜென்னை எடுத்துவிட்டு மெட்டாஸ்பேஸைக் கொண்டுவந்தபின், நிரம்ப நேரம் அதிகம் ஆகிறது, அவ்வளவுதான். முடிக்காமல் விட்ட த்ரெட், துடைக்காமல் விட்ட த்ரெட் லோக்கல், பதிவை நீக்காத ஜேடிபிசி டிரைவர் எல்லாமே இதே வேலையைச் செய்யும். டாம்கேட் இவற்றைத் தேடிப் பிடித்து லாகில் எச்சரிக்கிறது. அந்த எச்சரிக்கைகளை மதித்து ஒவ்வொன்றாகச் சரிசெய்யுங்கள்.

ஜாவாவுக்கான இன்னொரு மாட்யூல் அமைப்பான ஓஎஸ்ஜிஐ பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை முழுமையாகாது. மாட்யூலை அங்கே பண்டில் என்பார்கள். 1999-ல் அந்தக் கூட்டமைப்பு தொடங்கியபோது குறி வீட்டுச் சாதனங்கள் மேல்தான் இருந்தது. 2004-ல் எக்ளிப்ஸ் 3.0 அதன்மேல் கட்டப்பட்டபின் ஜாவா உலகம் திரும்பிப் பார்த்தது. 2010-ல் எண்டர்பிரைஸ் வரையறை வந்தபோது வெப் அப்ளிகேஷன் பண்டில் என்ற வடிவம் கிடைத்தது. வார் கோப்பின் மானிஃபெஸ்டில் வெப் கான்டெக்ஸ்ட் பாத் என்ற வரியைச் சேர்த்து, வேண்டிய பேக்கேஜ்களை இம்போர்ட் செய்தால் அது பண்டிலாகவும் இருக்கும், வெப் அப்ளிகேஷனாகவும் இருக்கும். இங்கேயும் வரிசை அறிவித்தது முதலில் என்பதுதான். ஒரு பேக்கேஜை இம்போர்ட் செய்துவிட்டால் பண்டிலுக்குள் இருக்கும் அதே பேக்கேஜ் கண்டுகொள்ளப்படாது.

ஓஎஸ்ஜிஐயில் நான் மிகவும் மதிக்கும் அம்சம் யூசஸ் என்ற குறிப்பு. ஒரு பேக்கேஜை எக்ஸ்போர்ட் செய்யும்போது, அதன் மெத்தட் கையொப்பங்களில் வெளிப்படும் மற்ற பேக்கேஜ்கள் எவை என்றும் சொல்லிவிடலாம். பண்டில்களை இணைக்கும் நேரத்திலேயே, எல்லோரும் அந்தப் பேக்கேஜ்களை ஒரே இடத்திலிருந்துதான் பெறுகிறார்களா என்று ரிசால்வர் சரிபார்க்கும். லியாங்கும் பிராக்காவும் ஓடும் நேரத்தில் பிடித்த அதே தவறை, இது ஓடத் தொடங்கும் முன்பே பிடித்துவிடுகிறது. ரிசால்வர் பிழைச் செய்திகள் படிக்கக் கடினமானவைதான். ஆனால் வாடிக்கையாளர் திரையில் வெடிப்பதைவிட டிப்ளாய் ஆகும்போதே நின்றுவிடுவது எவ்வளவோ மேல்.

இதுவரை சொன்ன எல்லா ஒழுங்கையும் தாண்டிச் செல்லும் ஒரு வழி ஜாவாவுக்குள்ளேயே இருக்கிறது. அது த்ரெட் கான்டெக்ஸ்ட் கிளாஸ் லோடர். எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் சமீபத்தில் ஒரு சிக்கலோடு வந்தார்.

"அண்ணா, ஐடிஇல ஓடுது. சர்வர்ல ஜாரா ஓட்டினா மட்டும் ஜாக்ஸ்பி இம்ப்ளிமென்டேஷன் கிடைக்கலைன்னு சொல்லுது. ஜாரைத் திறந்து பார்த்துட்டேன், உள்ளதான் இருக்கு."

"அந்தக் கோட் எந்த த்ரெட்லம்மா ஓடுது?"

"கம்ப்ளீட்டபிள் ஃப்யூச்சர்தான். சப்ளை ஏசிங்க் போட்டிருக்கேன். அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

சம்பந்தம் முழுக்க அங்கேதான். ஜாவாவின் சொந்த கிளாஸ்கள் மேலே இருக்கும் லோடர்களில் இருக்கின்றன. அவற்றுக்குக் கீழே இருக்கும் அப்ளிகேஷன் லோடர் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் எக்ஸ்எம்எல், ஜேஎன்டிஐ போன்றவற்றில் இன்டர்ஃபேஸ் மேலேயும் அதைச் செயல்படுத்தும் கிளாஸ் கீழேயும் இருக்கும். மேலே இருப்பவர் கீழே இருப்பதை எப்படிக் கண்டுபிடிப்பார்? இதற்காகத்தான் ஜேடிகே 1.2-ல் ஒவ்வொரு த்ரெட்டோடும் ஒரு லோடரை ஒட்டிவைத்தார்கள். சர்வ்லெட் கன்டெய்னர் ஒரு ரிக்வெஸ்டை உங்கள் அப்ளிகேஷனுக்குக் கொடுக்கும் முன் அந்த த்ரெட்டில் உங்கள் லோடரை வைத்துவிடும், முடிந்ததும் எடுத்துவிடும். சர்வீஸ் லோடரும் ஜாக்ஸ்பியும் அதைப் பார்த்துத்தான் தேடுகின்றன.

சப்ளை ஏசிங்க் வேலையைப் பொதுவான ஃபோர்க் ஜாயின் பூலுக்கு அனுப்புகிறது. ஜாவா 8-ல் அந்த பூலின் த்ரெட்டுகள், தம்மை உருவாக்கிய த்ரெட்டின் கான்டெக்ஸ்ட் லோடரையே எடுத்துக்கொண்டன. அதனால் வேலை நடந்தது. கூடவே, முதலில் தொட்ட அப்ளிகேஷனின் லோடர் அந்த பூலில் ஒட்டிக்கொண்டு நினைவகத்தை விடாமல் பிடித்தும் வைத்தது. ஜாவா 9-ல் இதைத் திருத்தி, பொது பூலின் த்ரெட்டுகளுக்கு எப்போதும் சிஸ்டம் லோடர்தான் என்று ஆக்கிவிட்டார்கள். வார் கோப்பாக ஓடினால் சிஸ்டம் லோடருக்கு உங்கள் லிப் ஃபோல்டர் தெரியாது. ஸ்பிரிங் பூட்டின் ஒற்றை ஜாராக ஓடினாலும் அதே கதைதான். அங்கே சிஸ்டம் லோடருக்குத் தெரிவது ஜாரைத் துவக்கும் சில கிளாஸ்கள் மட்டுமே. உள்ளே அடுக்கிவைத்த ஜார்களை ஸ்பிரிங்கின் தனி லோடர்தான் படிக்கும். ஐடிஇயில் எல்லாம் ஒரே கிளாஸ்பாத்தில் கிடப்பதால் சிஸ்டம் லோடருக்கே எல்லாம் தெரிந்துவிடுகிறது, பிழை ஒளிந்துகொள்கிறது.

தீர்வு எளிது. பொது பூலை நம்பாமல் சொந்த எக்ஸிக்யூட்டரைக் கொடுங்கள். ஜகார்த்தா ஈஈ சர்வர் என்றால் மேனேஜ்ட் எக்ஸிக்யூட்டர் சர்வீஸ் இருக்கிறது. 2013-ல் ஜாவா ஈஈ 7-ல் வந்த இது, வேலையை அனுப்பிய அப்ளிகேஷனின் லோடரை வேலை செய்யும் த்ரெட்டுக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கும். வேறு வழியே இல்லாவிட்டால் நீங்களே கான்டெக்ஸ்ட் லோடரை மாற்றி, ட்ரை பிளாக்கில் வேலையை முடித்து, ஃபைனலி பிளாக்கில் பழையதைத் திருப்பி வையுங்கள். திருப்பி வைக்க மறந்தால் பூல் த்ரெட் உங்கள் லோடரைச் சுமந்துகொண்டே திரியும்.

கடைசியாக, ஜாவாவின் சொந்த மாட்யூல் அமைப்பு. 2008-ல் ஜிக்சா என்று தொடங்கிய திட்டம், 2017 செப்டம்பர் 21 அன்று ஜாவா 9-ஆக வெளியானது. நடுவில் பெரிய வாக்குவாதம். அந்த ஆண்டு மே மாதம் ஜேசிபி நிர்வாகக் குழுவின் வாக்கெடுப்பில் 13 பேர் எதிராகவும் 10 பேர் ஆதரவாகவும் வாக்களித்து வரையறை தோற்றுப்போனது. ஐபிஎம், ரெட் ஹேட் இரண்டும் எதிர்த்தவர்கள் பக்கம். அதாவது ஓஎஸ்ஜிஐயையும் ஜேபாஸ் மாட்யூல்ஸையும் வைத்து ஏற்கெனவே சர்வர் நடத்திக்கொண்டிருந்தவர்கள். ஜூனில் திருத்தங்களோடு மறுபடி வந்தபோது 24 வாக்குகளுடன் நிறைவேறியது. ரெட் ஹேட் மட்டும் வாக்களிக்காமல் விலகி நின்றது.

அது ஜேடிகேயை அழகாகப் பிரித்துப்போட்டது, அதில் மறுப்பில்லை. வெப் அப்ளிகேஷனை மட்டும் வெளியே விட்டுவிட்டது. இந்த அமைப்பில் ஒவ்வொரு லோடருக்கும் பெயரில்லாத மாட்யூல் ஒன்று தானாக உண்டு. டாம்கேட்டில் உங்கள் வார் கோப்பின் அத்தனை கிளாஸ்களும் அதில்தான் போய் விழுகின்றன. வெப்-இன்ஃபுக்குள் மாட்யூல் இன்ஃபோ கோப்பை எழுதிவைத்தாலும் யாரும் அதை மதிப்பதில்லை. ஓடிக்கொண்டிருக்கும்போதே புதிய மாட்யூல் கூட்டத்தை ஏற்றிக்கொள்ள மாட்யூல் லேயர் என்ற ஏபிஐ இருக்கிறது. ஒரு வார் கோப்புக்கு ஒரு லேயர் என்று வைத்துக்கொள்ள அதுவே போதும். வார் கோப்பை அப்படி ஏற்றுங்கள் என்று சர்வ்லெட் வரையறை சொல்லவில்லை. இத்தனை ஆண்டுகளாகியும் இந்த இடைவெளி அப்படியே இருப்பதில் எனக்கு வருத்தம்தான்.

வெளியே விட்டாலும் பாதிப்பு இல்லாமல் போகவில்லை. முன்பு ஒரு லோடருக்குப் பெற்றோர் இல்லை என்று நல் கொடுத்தால்கூட ஜேடிகேயின் ஏறக்குறைய எல்லா கிளாஸும் தெரியும். ஜாவா 9-ல் ஜேடிபிசி இருக்கும் ஜாவா எஸ்க்யூஎல் மாட்யூல் பிளாட்ஃபார்ம் லோடருக்குப் போய்விட்டது. நல் கொடுத்த பழைய லோடர்களுக்கு டிரைவர் இன்டர்ஃபேஸே காணாமல் போனது. சிஸ்டம் லோடரை யூஆர்எல் கிளாஸ் லோடராக காஸ்ட் செய்து ஜார்களைச் சொருகிய கோடுகள் எல்லாம் உடைந்தன. ஜாவா 17-ல் ஜேடிகேயின் உள் பகுதிகள் முற்றாகப் பூட்டப்பட்டன. டாம்கேட்டின் துவக்க ஸ்கிரிப்டைத் திறந்து பாருங்கள், ஆட் ஓபன்ஸ் என்ற வரிகள் சில இருக்கும். போன அப்ளிகேஷனின் எச்சங்களை த்ரெட் லோக்கல்களிலிருந்து தேடித் துடைக்க ஜேடிகேயின் உள்ளே எட்டிப்பார்க்க வேண்டியிருப்பதால், அந்த அனுமதியை வெளிப்படையாக எழுதிக் கேட்கிறது. யாருக்கு அனுமதி என்ற இடத்தில் "பெயரில்லாதவர் அனைவருக்கும்" என்று இருக்கும். அந்த அனைவரில் உங்கள் வார் கோப்பும் அடக்கம்.

சிக்கல் வந்தால் எப்படிப் பார்ப்பது என்று பலர் கேட்கிறார்கள். முதலில் சந்தேகப்படும் ஆப்ஜெக்டின் கிளாஸிடம் அதன் லோடரைக் கேட்டு லாகில் எழுதுங்கள். அடுத்து அதன் ப்ரொடெக்‌ஷன் டொமைன் வழியாகக் கோட் சோர்ஸைக் கேளுங்கள், எந்த ஜாரிலிருந்து வந்தது என்று முழுப் பாதையும் கிடைக்கும். இந்த இரண்டு வரிகளிலேயே பெரும்பாலான புதிர்கள் அவிழ்ந்துவிடும். போதவில்லை என்றால் ஜாவா 9-லிருந்து இருக்கும் எக்ஸ்லாக் விருப்பத்தில் கிளாஸ் லோட் என்பதை இயக்கினால், ஒவ்வொரு கிளாஸும் எங்கிருந்து வருகிறது என்று ஓடிக்கொண்டே எழுதும். ஓடும் சர்வரை நிறுத்தாமல் பார்க்க ஜேசிஎம்டி உண்டு. அதன் விஎம் கிளாஸ்லோடர்ஸ் கட்டளை லோடர்களின் மரத்தை அப்படியே வரைந்து காட்டும். அன்டிப்ளாய் செய்தபின்னும் உங்கள் அப்ளிகேஷனின் லோடர் அதில் நீடித்தால், லீக் இருக்கிறதோ என்று சந்தேகப்பட்டுத் தேடத் தொடங்கலாம்.

லைப்ரரி எழுதுகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பெயரை வைத்து கிளாஸைத் தேடும் மெத்தட் எதை எழுதினாலும், லோடரையும் ஒரு பாராமீட்டராக வாங்கிக்கொள்ளுங்கள். கான்டெக்ஸ்ட் லோடரை எடுத்துக்கொள்வது, யாரும் எதுவும் கொடுக்காதபோது செய்யும் வேலையாக இருக்கட்டும். ஜேடிகேயின் சர்வீஸ் லோடரிலேயே முன்மாதிரி இருக்கிறது. இன்டர்ஃபேஸை மட்டும் கொடுத்தால் கான்டெக்ஸ்ட் லோடரைப் பார்க்கும், இரண்டாவதாக ஒரு லோடரைக் கொடுத்தால் அதைப் பார்க்கும், ஜாவா 9-லிருந்து மாட்யூல் லேயரையும் வாங்கிக்கொள்ளும்.